அவையும் வேற்றுருவும்

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதையில் வஞ்சி மாநகரத்தில் ஒரு பெரிய சமய விசாரணை நிகழ்கிறது. அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கின்றனர். வினவுபவள் மணிமேகலை. ஆனால் அவள் தன் உருவில் அங்கே நிற்கவில்லை. ஓர் ஆண் தவசியின் உருவம் தாங்கி நிற்கிறாள். அதற்குரிய காரணத்தை மணிமேகலா தெய்வம் முன்னரே சொல்லி, உருமாறும் மந்திரத்தையும் கொடுத்திருக்கிறது. இளம்பெண் என்று எண்ணி எவரும் உனக்கு உண்மைப் பொருளை உரைக்க மாட்டார்கள், ஆகவே வேற்றுருக் கொள் என்பது அத்தெய்வத்தின் அறிவுரை. அறிவிலோ துறவிலோ அவளிடம் குறை காணப்படவில்லை. பெண் என்பதொன்றே தடையாக இருந்திருக்கிறது.

அதே காப்பியத்தின் 3ஆம் காதையில், மலர்வனம் நோக்கிச் செல்லும் மணிமேகலையைச் சுற்றிப் புகார் நகர வீதி விரிகிறது. அவ்வீதியில் ஓரிடத்தில் பேடிக்கோலம் பூண்டு ஆடும் கூத்தைச் சூழ்ந்து நின்று மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். தாடி, கூந்தல், உதடு, கண் என உறுப்பு உறுப்பாக அவ்வுருவம் வருணிக்கப்படுகிறது. அந்த உருவம் மட்டும் எதுவும் பேசுவதில்லை. அது கூத்துக்கான வேடம் என்பது உண்மையே. ஆயினும் ஒருத்தி அவைக்குள் நுழைய வேற்றுருக் கொள்ள வேண்டியிருந்தது. மற்றோர் உருவம் அவைக்கு வெளியே, வீதியில், காட்சிப்பொருளாக மட்டும் நிற்க முடிந்தது. பெண்ணுரிமை குறித்தும் மூன்றாம் பாலினர் குறித்தும் பிற்காலத்தில் நிகழ்ந்த பல விவாதங்களைப் படிக்கும்போது இவ்விரு காட்சிகளும் நினைவுக்கு வராமல் போவதில்லை.

இத்தகைய விவாதங்களை நெறிப்படுத்துவோரிடம் நாம் பொதுவாக எதிர்பார்ப்பது நடுநிலைமை. இரு தரப்புக்கும் சமமான நேரம் தருதல், இழிசொற்களைத் தடுத்தல், குரல் உயரும்போது அமைதிப்படுத்தல் ஆகியவற்றையே நடுநிலைமை என்று கொள்கிறோம். இவை வேண்டியவை, ஆனால் போதுமானவை அல்ல. யாரைப் பற்றிய விவாதமோ அவர் அவையில் இருக்கிறாரா? எப்பெயரால் அழைக்கப்படுகிறார்? அவையின் முன் வைக்கப்பட்ட கேள்வி ஒன்றா, அல்லது ஒன்றாகக் கட்டப்பட்ட இரண்டா? இம்மூன்றும் தெளிவாகாத அவையில் எத்துணைப் பண்போடு பேசினாலும் நீதி கிடைப்பதில்லை. வரலாற்றிலிருந்து சில நிகழ்வுகளைக் கொண்டு இதனைக் காணலாம்.

பெயரும் பாலும்

முதலில் பெயர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையிலேயே வைக்கிறார். அவற்றுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே அவை ஏற்கும் என்றும், அவற்றுள் ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் வகுக்கிறார். பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் வியப்பூட்டும் விதியொன்றைத் தருகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவும் பேடு ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவது பெண்பால். பாலை முடிவு செய்யும் அளவுகோலாக உடலுறுப்பைச் சொல்லாமல் அவாவைச் சொன்னது கூர்ந்து நோக்கத்தக்கது. ஆனால் அந்நூற்பா அத்தோடு முடிவதில்லை. அவ்விரண்டும் அஃறிணை போலவும் ஆகும் என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது.

இலக்கண நூற்பாவில் இன்றைய உரிமைக் கோட்பாட்டைத் தேடுவது முறையன்று. பவணந்தியார் சட்டம் இயற்றவில்லை. வழக்கைப் பதிவு செய்தார். ஆயினும் ஒருவரது விருப்பத்தை ஏற்று 'அவள்' என்பதற்கும், 'அது' என்று தள்ளுவதற்கும் ஒரே நூற்பாவில் இடம் இருந்தது என்பது நம் மொழிச் சமூகத்தின் இருமனத்தை நன்கு காட்டுகிறது. பின்வந்த நூற்றாண்டுகளில் பெரிதும் பயன்பட்டது அந்த இரண்டாவது வாசலே எனலாம்.

ஏட்டில் ஏறிய பெயர்கள்

1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டத்தைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றே நாம் அறிவோம். அதன் இரண்டாம் பகுதி அலிகளைப் பற்றியது என்பது பலரும் அறியாத செய்தி. வடமேற்கு மாகாணங்கள், அயோத்தி, பஞ்சாப் ஆகிய வடபகுதிகளை நோக்கி எழுந்த சட்டம் அது. குழந்தைகளைக் கடத்துவோர், இயற்கைக்கு மாறான குற்றம் புரிவோர் என்ற ஐயத்துக்குரியவர்களின் பெயர்களை அரசு ஏடொன்றில் பதிய வேண்டும். அவ்வாறு பதியப்பட்டவர் பொதுத்தெருவில் பெண்ணுடையோ பெண்ணணிகளோ பூண்டு தோன்றினால், பொது இடத்தில் ஆடினால் பாடினால், இரண்டாண்டு வரை சிறை. அவர் சிறுவர்க்குக் காப்பாளராக இயலாது. கொடை வழங்க இயலாது. உயில் எழுத இயலாது. மகனைத் தத்தெடுக்க இயலாது.

இச்சட்டத்தில் அவர்களுக்குப் பேச வாய்ப்பே இல்லாமல் இல்லை. ஏட்டில் தம் பெயர் சேர்க்கப்பட்டதை எதிர்த்து அதிகாரியிடம் முறையிடலாம். அதாவது, 'நான் அப்படிப்பட்டவர் அல்லர்' என்று மட்டும் சொல்லலாம். 'நான் இப்படிப்பட்டவர், எனினும் குற்றவாளி அல்லர்' என்று சொல்வதற்கு இடமில்லை. பேசும் உரிமையை அளிப்பதுபோல் அளித்து, பேசத்தக்க ஒரே பொருளைப் பறித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு மணிமேகலை கொண்ட வேற்றுருவினும் கடுமையானது.

1911இல் இயற்றப்பட்ட புதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அப்பகுதி இடம்பெறவில்லை. ஆனால் நிசாமின் ஐதராபாத்தில் 1919இல் இதே சாயலில் ஒரு சட்டம் பிறந்தது. ஏட்டளவிலேனும் அது நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்து, 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர்நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

1927: இரண்டு கேள்விகள், ஒரு தீர்மானம்

பெண்களைப் பற்றிய விவாதத்தில் பெண்களே இரு தரப்பிலும் நின்ற நிகழ்வு ஒன்று நம் மண்ணில் உண்டு. தேவதாசி ஒழிப்பு விவாதத்தைத்தான் சொல்கிறேன். நாம் பள்ளிப் பாடங்களில் படித்ததைவிட அது சிக்கலானது.

சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். 1926இல் சட்டமன்ற உறுப்பினராகும் தகுதி கிடைத்தது. அவ்வழியில் நியமன உறுப்பினராக வந்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, மேலவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த அவரது தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். ஆகவே 1927 நவம்பரில், பெண்குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தபோது, அவ்வாழ்க்கையை அருகிருந்து அறிந்த ஒருவரின் குரலாக அது ஒலித்தது. தம் விருப்பத்தைச் சொல்லும் வயதெய்தாத சிறுமியரின் வாழ்வை மற்றவர்கள் முடிவு செய்யலாகாது என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. மருத்துவர் என்ற முறையில் அவர் கண்ட நோய்களும் துயரங்களும் அவ்வாதத்துக்கு வலிவூட்டின.

அதே 1927இல் சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கமாகத் திரண்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னின்றவர். தங்களைப் பரத்தையரோடு ஒன்றாக வைத்து எண்ணுவது தவறு என்றனர். ஆகமங்களைச் சான்று காட்டினர். பிற இந்துப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் பெண்மகவைத் தத்தெடுக்கும் உரிமையும் தங்கள் மரபில் உண்டு என்பதைச் சுட்டினர். எங்களுக்குக் கல்வி தாருங்கள், சமயமும் இலக்கியமும் கலையும் கற்பியுங்கள் என்று கேட்டனர். இவ்விண்ணப்பம் தாளில்தான் அவையை அடைந்தது. விண்ணப்பித்தவர் எவருக்கும் அங்கே இருக்கை இல்லை. அன்றைய அவையில் பெண் என்று இருந்தவர் முத்துலட்சுமி ஒருவரே.

மூன்றாவது குரல் ஒன்றும் உண்டு. தேவதாசிக் குலத்தில் வளர்ந்து அதனைத் துறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று ஒழிப்புப் பரப்புரை செய்தார். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற புதினத்தை எழுதினார். ஆகவே 'உள்ளிருப்பவர் என்ன சொல்கிறார்' என்று கேட்டால் அன்று ஒரே விடை கிடைத்திருக்காது. பாதிக்கப்பட்டோரின் குரல் ஒருமுகமானது என்று எண்ணிக்கொள்வது வெளியே இருப்போருக்கு வசதியான ஒரு கற்பனை.

இவ்விவாதத்தில் யார் சரி? சிறுமியரைப் பொறுத்தவரை முத்துலட்சுமியும் இராமாமிர்தமும் சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே அம்மரபில் வாழ்ந்துகொண்டிருந்த வயதுவந்த பெண்களின் சொத்து, கலை, மானம் ஆகியவை என்னாகும் என்று சங்கத்தார் கேட்டதும் நியாயமான கேள்வியே. இவை ஒன்றுக்கொன்று எதிரான விடைகள் அல்ல. இரு வேறு கேள்விகளுக்குரிய விடைகள். 'ஒழிப்பதா, வைத்துக்கொள்வதா' என்ற ஒற்றைக் கேள்வியாக அவை கட்டப்பட்டபோது இரண்டாவது கேள்வி பழமைவாதத்தின் வாதமாகவே காதில் விழுந்தது. கலையின் பெயரால் அதற்குத் துணை நின்ற ஆண் தலைவர்களின் குரல் உரத்து ஒலித்ததும் அதற்கொரு காரணம். 1929இல் நிறைவேறிய அறநிலையச் சட்டத் திருத்தம் மானிய நிலங்களை ஊழிய நிபந்தனையிலிருந்து விடுவித்தது. அது சொத்துக் கேள்விக்கு ஓரளவு விடை. அதன்பின் 1930இல் பொட்டுக்கட்டுத் தடை மசோதாவை முன்வைத்த முத்துலட்சுமி, காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவ்வாண்டிலேயே பதவி விலகினார். அம்மரபிலிருந்து வெளியேறி வந்த சிறுமியருக்காக அவர் தொடங்கிய ஔவை இல்லம், சட்டம் செய்யாததைத் தனியொருவர் செய்ய முயன்றதன் சான்று. முழுத் தடைச் சட்டம் 1947இல் வந்தது. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, கோயிலில் அவர்கள் ஆடுவதும் தடைப்பட்டது. 1927இல் கேட்கப்பட்ட கல்வி அச்சட்டத்தில் இல்லை. அவர்களுடைய ஆட்டமோ அதற்குள் வேறு பெயரில், வேறு குலத்துப் பெண்களுடன் சபா மேடையேறியிருந்தது.

நாகரத்தினம்மாள் குறித்து மேலும் ஒரு செய்தி. தஞ்சை மராட்டிய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்தவனமு' என்னும் காவியத்தை அவர் 1910இல் பதிப்பித்தார். அதனைப் பெண் ஒருத்தி எழுதத் தகாதது என்று முன்னரே பழித்தவர், விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம். சிருங்காரம் எழுதுவதற்கான வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்னும் பொருள்படத் தம் முன்னுரையில் நாகரத்தினம்மாள் வினவினார். அரசு அந்நூலைத் தடை செய்தது. தடை நீங்கியது பிரகாசம் ஆட்சியில், 1947இல். கணிகை ஒருத்தியின் நூல் விடுதலை பெற்றதும் அவ்வாழ்முறை சட்டத்தால் முடிவுற்றதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. பெண்ணுக்காகப் பேசுவதும் பெண் பேசுவதைக் கேட்பதும் இரு வேறு பண்புகள் என்பதை வீரேசலிங்கத்தின் நிலைப்பாடு நமக்கு உணர்த்துகிறது.

வீதியிலிருந்து அவைக்கு

வேடிக்கைப் பொருளாக நின்ற உருவம் தமிழில் தானே எழுதத் தொடங்கியது நம் காலத்தில். ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்' ஆகியவை 2000களில் வெளிவந்தன. அலி என்ற சொல் பின்தள்ளப்பட்டு அரவாணி என்பதும், பின்னர் திருநங்கை என்பதும் வழக்கில் ஊன்றின. 2008 ஏப்ரல் 15இல் தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. சரியாக ஆறாண்டுகள் கழித்து, 2014 ஏப்ரல் 15இல், தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் தேசிய சட்டப்பணிகள் ஆணையத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. நன்னூலாரின் முதல் வாசல் சட்டத்தில் திறந்த நாள் அது.

அதன்பின் நாடாளுமன்றம். திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று அவையில் வென்றது 45 ஆண்டுகளில் அதுவே முதன்முறை. ஆனால் 2016இல் அரசு வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தது. முழு ஆணும் அல்லாத, முழுப் பெண்ணும் அல்லாத என்ற எதிர்மறைச் சொற்களால் அது அவர்களை வரையறுத்தது. ஆய்ந்து சான்றளிக்க மாவட்டந்தோறும் ஒரு குழுவையும் முன்மொழிந்தது. திருநர் சமூகத்தார் தெருவில் இறங்கிப் போராடினர். நிலைக்குழுவும் அவ்வரையறையைக் குறைகூறியது. எதிர்ப்பின் பயனாக வரையறையும் ஆய்வுக்குழுவும் கைவிடப்பட்டன. எனினும் 2019இல் நிறைவேறிய சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் சான்று பெறுதலையும், ஆண் அல்லது பெண் என்று மாற்றிப் பதிய அறுவைச் சிகிச்சைக்கான மருத்துவச் சான்றையும் வேண்டியது. தேர்வுக்குழுவுக்கு அனுப்புக என்ற தீர்மானம் மாநிலங்களவையில் தோற்றது. பாலியல் வன்முறைக்கு ஆளாகும் திருநருக்காக அச்சட்டம் விதித்த உச்சத் தண்டனை இரண்டே ஆண்டுகள். பெண்ணுக்கு நேர்ந்த வன்புணர்ச்சிக்கோ அன்றைய சட்டத்தில் குறைந்த அளவே பத்தாண்டுகள். இந்த வேறுபாட்டை மக்களவையில் எழுந்து சொல்ல அவர்களுள் ஒருவரும் அங்கே இல்லை.

இதற்கு மாறாகச் சென்னை உயர்நீதிமன்றம் காட்டிய வழி ஒன்று உண்டு. 2021இல், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கோரினர். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருள் குறித்துத் தமக்குப் போதிய தெளிவு இல்லை என்பதை ஆணையிலேயே எழுதினார். உளவியலாளர் ஒருவரிடம் தாமே சென்று கேட்டறிந்தார். அப்பெண்களையும் பெற்றோரையும் ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்பிக் கேட்கச் செய்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே இழிவற்ற கலைச்சொற்களின் பட்டியல் ஒன்று 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் வெளியாயிற்று. தீர்ப்பளிக்கும் இருக்கையில் அமர்ந்தவர் முதலில் மாணவராக அமர்ந்தார். அதனால் அவர் நடுநிலை குறைந்ததாக நான் கருதவில்லை. அதற்குரிய தகுதியை அவர் ஈட்டிக்கொண்டார் என்றே கருதுகிறேன்.

பெண் என்னும் சொல்

இன்று கடுமையாக நிகழும் பூசல், பெண்ணுரிமையும் திருநங்கையர் உரிமையும் ஒன்றையொன்று உண்கின்றனவா என்பது. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். 2025 ஏப்ரல் 16இல் பிரிட்டனின் உச்சநீதிமன்றம், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலுள்ள 'பெண்' என்னும் சொல் பிறப்பின்படியான பாலையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். இரண்டு சட்டங்களும் இரண்டு நாடுகளும் வேறு. தீர்ப்புகளைத் தராசில் வைப்பது என் நோக்கம் அன்று. அவைகளைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. மதுரையில் வழக்காடியவர்களுள் ஒருவர் அந்த மணமகளே. லண்டனில் பெண்ணுரிமை அமைப்பொன்று வழக்காடியது. அதனை ஆதரித்த அமைப்புகளுக்குத் தலையிட அனுமதி கிடைத்தது. எதிர்நிலையில் அம்னெஸ்டி அமைப்புக்கும் கிடைத்தது. திருநங்கையான முன்னாள் நீதிபதி ஒருவரும் திருநம்பியான சட்டப் பேராசிரியர் ஒருவரும் தாங்களே வாதிட விடுத்த வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவர்களைப் பற்றி அறிஞர்கள் நுணுக்கமாகப் பேசினர். அவர்கள் பேசவில்லை.

அவ்வழக்கை நடத்திய பெண்களின் அச்சத்தை வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவதும் அதே பிழையைத் திரும்பச் செய்வதாகும். வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குரிய காப்பகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பது உண்மையான கேள்வி. ஒரு திருநங்கை அச்சமின்றி வாழ எவை வேண்டும் என்பதும் உண்மையான கேள்வி. இரண்டையும் ஒரு சொல்லின் பொருளுக்குள் அடைத்து ஆம் அல்லது இல்லை என்று விடை கேட்டால், 1927இல் நேர்ந்ததே நேரும். ஒரு கேள்வி வெல்லும். மற்றது கேட்கப்படாமலே தோற்கும்.

விவாதத்தை நெறிப்படுத்துவோரின் கடமை இங்கேதான் தொடங்குகிறது. பேச்சு தொடங்குமுன் பொருளுக்குரியவரை அழைத்து அமர்த்துதல். அவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயராலேயே அவரை விளித்தல். அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தால் இரு குரலையும் கேட்டல். பிணைந்து கிடக்கும் கேள்விகளைப் பிரித்து வைத்தல். இவற்றைச் செய்தபின் தலைவர் நேரத்தை அளக்கட்டும், இழிசொல்லைத் தடுக்கட்டும்.

வஞ்சியில் பதின்மர் உரையையும் கேட்ட மணிமேகலை பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளைக் காண்கிறாள். தான் பூண்டிருந்த அவ்வுருவைப் போலவே அச்சமயங்களும் செவ்வியன அல்லாமையால் அவற்றில் சிந்தை வைக்கவில்லை என்று அவரிடம் சொல்கிறாள். பதின்மரும் கற்றவர்களே. ஆனால் தங்கள் முன் நின்று வினவியது யார் என்பது அவர்களுள் ஒருவருக்கும் தெரியாது.